ஒட்டியதெல்லாம் உறவா?

2020 மார்ச் மாத இறுதியில் ஒரு வரைபடம் வெளியானது. கொரோனா வைரஸின் புரதம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, அது பற்றிக்கொள்ளும் மனிதப் புரதங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மொத்தம் 332 கோடுகள். சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நெவன் க்ரோகன் தலைமையில் கூடிய ஒரு பெரும் குழு அதைத் தயாரித்திருந்தது. வைரஸின் மரபணு வரிசை உலகுக்குத் தெரிந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஏப்ரல் 30 அன்று 'நேச்சர்' இதழில் அது முறைப்படி வெளிவந்தது.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு நம்பிக்கை பிறந்ததில் வியப்பில்லை. வைரஸ் நம் செல்லுக்குள் எங்கெங்கே கை வைக்கிறது என்று தெரிந்துவிட்டது. அங்கங்கே ஒரு மருந்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் வேலை முடிந்தது. அந்தக் கட்டுரையே அப்படியொரு பட்டியலையும் தந்தது: மருந்தால் எட்டக்கூடிய 66 மனிதப் புரதங்கள், அவற்றைக் குறிவைக்கும் 69 சேர்மங்கள். அவற்றில் 29 ஏற்கெனவே வேறு நோய்களுக்கு அனுமதி பெற்று மருந்துக்கடையில் இருப்பவை.

உயிர்வேதியியல் படித்தவன் என்பதால் இப்படிப்பட்ட படங்கள் மீது எனக்கு ஒரு மோகமும் ஒரு சந்தேகமும் எப்போதும் உண்டு. கோடு இருக்கிறது, சரி. அந்தக் கோட்டால் என்ன ஆகிறது? அது அறுந்தால் வைரஸுக்கு ஏதாவது இழப்பு உண்டா? இந்தக் கேள்விகளுக்கு அந்தப் படம் பதில் சொல்லவில்லை. சொல்வதாக அது கூறிக்கொள்ளவும் இல்லை. அதைப் பார்த்த நாம்தான் பதிலையும் சேர்த்தே படித்துக்கொண்டோம்.

அந்தக் கோடுகள் எப்படி வரையப்பட்டன என்பதிலிருந்தே தொடங்கலாம். வைரஸின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 29,900 எழுத்துகள் கொண்ட ஒரே ஓர் ஆர்.என்.ஏ. இழை. அதிலிருந்து 29 புரதங்கள் வரை உருவாகக்கூடும் என்று அப்போது கணக்கிட்டார்கள். க்ரோகன் குழு அவற்றில் 26 புரதங்களுக்கான மரபணுக்களைத் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறிய அடையாளத் துண்டைச் சேர்த்து, மனித செல்களுக்குள் செலுத்தியது. செல் அந்தப் புரதத்தைத் தயாரிக்கும். பிறகு செல்களை உடைத்து, அடையாளத் துண்டை மட்டும் பிடித்துக்கொள்ளும் நுண்மணிகளைக் கலப்பார்கள். மணியோடு வைரஸ் புரதம் வரும்; அதைப் பற்றிக்கொண்டிருக்கும் மனிதப் புரதங்களும் கூடவே வரும். கழுவுவார்கள், மீண்டும் கழுவுவார்கள். அதற்குப் பிறகும் விடாமல் இருப்பவற்றைச் சிறு துண்டுகளாக நறுக்கி நிறை நிறமாலைமானியில் செலுத்தினால், துண்டுகளின் எடையை வைத்து எந்தெந்தப் புரதங்கள் வந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும். ஆய்வக வழக்கில் வைரஸ் புரதத்துக்குத் தூண்டில் என்றும் உடன் வந்தவற்றுக்கு இரை என்றும் பெயர்.

அழகான முறைதான். ஆனால் அங்கே என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள். முதலாவதாக, வைரஸே இல்லை. ஒரு நேரத்தில் ஒரு புரதம் மட்டும்தான் செல்லுக்குள் இருக்கிறது. உண்மையான தொற்றில் கூட்டாளிகளோடு சேர்ந்து இயங்கும் புரதம் இங்கே தன்னந்தனியாக, வழக்கத்தைவிட அதிக அளவில் நிற்கிறது. இரண்டாவதாக, பயன்படுத்திய செல் ஹெக்293டி என்ற வகை. 1970களில் ஒரு கருவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல் வழியின் வாரிசு அது. எதைச் செலுத்தினாலும் தாராளமாகத் தயாரித்துக் கொடுக்கும் என்பதால் உலகெங்கும் ஆய்வகங்களுக்குச் செல்லப்பிள்ளை. மூக்கின் உட்சவ்வோ நுரையீரலின் காற்றறையோ அது அல்ல. மூன்றாவதாக, செல்லை உடைத்த நொடியில் எல்லைகள் எல்லாம் கலைந்துவிடுகின்றன. உயிரோடு இருந்தபோது உட்கருவுக்குள் இருந்ததும் வெளியே இருந்ததும் சந்தித்திருக்கவே வாய்ப்பில்லாமல் இருந்திருக்கலாம். உடைத்த கரைசலில் அவை தாராளமாகச் சந்தித்துக்கொள்ளும்.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. உலகமே முடங்கிக் கிடந்த நேரத்தில் அத்தனை வேகமாக அதைச் செய்து, ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டது பெரிய காரியம். படத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

வாசலிலிருந்து உள்ளே போவோம். வைரஸின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதமும், நம் செல்லின் மேற்பரப்பில் அது பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 ஏற்பியும் எல்லோருக்கும் தெரிந்த ஜோடி. இதைப் பூட்டும் சாவியும் என்று சொல்லிச் சொல்லி ஒரு தலைமுறைக்கே மனப்பாடமாகிவிட்டது. எனக்கு அந்த உவமை பிடிக்கவில்லை. பூட்டு திறக்கப்படுவதற்காகவே செய்யப்பட்டது. ஏசிஇ2 வைரஸை வரவேற்பதற்காக அங்கே இல்லை. அது ஒரு நொதி. இரத்த நாளங்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற மூலக்கூறை வெட்டி, எதிர்வேலை செய்யும் வடிவமாக மாற்றுவது அதன் தொழில். 2000ஆம் ஆண்டில் அதைக் கண்டறிந்தவர்கள் இரத்த அழுத்தத்தைப் பற்றி யோசித்தார்களே தவிர வைரஸைப் பற்றி அல்ல. 2003இல் முதல் சார்ஸ் வைரஸின் ஏற்பி அதுதான் என்று மைக்கேல் ஃபார்சனின் குழு காட்டியது. 2020இல் புதிய வைரஸ் வந்தபோது யாரை முதலில் விசாரிக்க வேண்டும் என்பது அதனால்தான் உடனே தெரிந்தது.

ஒட்டினால் மட்டும் கதவு திறந்துவிடாது என்பது இன்னொரு விஷயம். ஸ்பைக் இரண்டு இடங்களில் வெட்டப்பட வேண்டும். முதல் வெட்டு, வைரஸ் உருவாகும் செல்லிலேயே, ஃபியூரின் என்ற நொதியால் நடந்துவிடுகிறது. இரண்டாவது வெட்டு, புதிய செல்லின் மேற்பரப்பில் ஏசிஇ2வைப் பற்றிய பிறகு, டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியால். அந்த வெட்டு விழுந்த பிறகுதான் ஸ்பைக்கின் உள்பகுதி நீண்டு செல் சவ்வில் குத்தி, இரண்டு சவ்வுகளையும் ஒன்றாக்குகிறது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லாத செல்லில் வைரஸ் வேறு வழி பிடிக்கிறது: செல் அதை ஒரு பைக்குள் விழுங்குகிறது, பை அமிலமாகிறது, அங்கே கேதெப்சின் எல் என்ற வேறொரு நொதி வெட்டுகிறது. இந்த இரண்டு வழிகளையும் நினைவில் வைத்திருங்கள். பின்னால் ஒரு பெரிய குழப்பத்துக்கு இதுவே காரணமாகப் போகிறது.

ஏற்பியை வைத்து நோயின் கடுமையைக் கணிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு என்எல்63 என்ற கொரோனா வைரஸை அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அதுவும் ஏசிஇ2 வழியாகத்தான் நுழைகிறது. பெரும்பாலும் சாதாரணச் சளியோடு போய்விடுகிறது. மெர்ஸ் வைரஸ் டிபிபி4 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. 229இ வைரஸ் அமினோபெப்டிடேஸ் என் என்பதைப் பிடிக்கிறது. மூன்று ஏற்பிகளுமே செல்லின் மேற்பரப்பில் நின்று புரதத் துண்டுகளை வெட்டும் நொதிகள். ஆனால் அந்த வெட்டும் திறனை வைரஸ் பயன்படுத்துவதே இல்லை. திறனை முடக்கினாலும் நுழைவு நடக்கிறது. ஏன் இந்தக் குடும்பம் திரும்பத் திரும்ப இதே வகை நொதிகளில் போய் நிற்கிறது என்பது என்னை விடாமல் துரத்தும் கேள்வி. மூக்கிலும் குடலிலும் மேற்பரப்பில் இவை ஏராளமாக இருப்பதால் என்பது ஓரளவு விளக்கம். முழுத் திருப்தி தரவில்லை.

உள்ளே போன பிறகு நடப்பதுதான் எனக்கு இன்னும் சுவையானது. முதலில் என்எஸ்பி1. வைரஸின் ஆர்.என்.ஏ. இழையில் முதலாவதாக எழுதப்பட்டிருக்கும் புரதம் இது. மொத்தமே 180 அமினோ அமிலங்கள். செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் ஒரு சிறு பகுதியும் ஒரு பெரும் பகுதியும் உண்டு. சிறு பகுதியில் ஒரு குறுகிய வழி இருக்கிறது, மரபணுவின் செய்தியைச் சுமந்து வரும் தூது ஆர்.என்.ஏ. அதன் வழியாக நுழைந்தால்தான் அதிலுள்ள செய்தி படிக்கப்படும். என்எஸ்பி1இன் வால் பகுதி, இரண்டு குட்டைச் சுருள்களாக மடிந்து, அந்த வழிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. 2020இலேயே உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் இதை நேரடியாகப் படம் பிடித்தார்கள். அந்த வாலில் 164ஆம் இடத்தில் ஒரு லைசின், 165ஆம் இடத்தில் ஒரு ஹிஸ்டிடின். இரண்டும் ரைபோசோமின் சொந்த ஆர்.என்.ஏ.வோடு இறுக்கமாகப் பொருந்துகின்றன. அந்த இரண்டை மட்டும் அலனினாக மாற்றினால் அடைப்பு விலகிவிடுகிறது. செல் மீண்டும் புரதம் தயாரிக்கிறது.

இதில் வைரஸுக்கு ஒரு சிக்கல் இருக்கிறதல்லவா? அதற்கும் அதே ரைபோசோம்தான் வேண்டும். வழியை அடைத்துவிட்டுத் தன் புரதங்களை எங்கே தயாரிக்கும்? வைரஸின் எல்லாத் தூது ஆர்.என்.ஏ.க்களும் ஒரே மாதிரியான ஒரு முன்வரிசையோடு தொடங்குகின்றன. அதன் தொடக்கத்திலேயே ஆர்.என்.ஏ. தன் மீதே மடிந்து ஒரு சிறு வளையத்தை உண்டாக்குகிறது. அந்த வளையம் இருந்தால் தடை தளர்கிறது, வைரஸின் செய்தி படிக்கப்படுகிறது. வளையத்தைக் குலைத்தால் வைரஸின் செய்தியும் மற்றவற்றைப் போலவே வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த வளையம் எப்படி என்எஸ்பி1ஐ விலகச் செய்கிறது என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. செல்லுக்கு இதனால் நேரும் இழப்பு மட்டும் தெளிவு. தொற்று நடந்ததை உணர்ந்து, இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வைச் செல் எழுதியும்விடுகிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

என்எஸ்பி1க்கும் ரைபோசோமுக்கும் இடையிலான கோட்டை நான் தடித்த மையில் வரைவேன். கட்டமைப்பு தெரியும், இரண்டு அமினோ அமிலத்தை மாற்றினால் விளைவு மறைவது தெரியும், வைரஸுக்கு என்ன லாபம் என்பதும் தெரியும். ஒரு கோடு இந்த மூன்றையும் கடந்து வந்தால்தான் எனக்கு நிம்மதி.

அடுத்து ஓஆர்எஃப்6. வெறும் 61 அமினோ அமிலங்கள். நம் செல்லின் உட்கருவைச் சுற்றியுள்ள உறையில் துளைகள் உண்டு. செய்திகள் உள்ளே போவதும் தூது ஆர்.என்.ஏ. வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். துளையின் பாகங்களில் என்யூபி98 என்ற புரதமும், அதோடு சேர்ந்து நிற்கும் ஆர்ஏஇ1 என்ற புரதமும் உண்டு. ஓஆர்எஃப்6இன் வால் இந்த ஜோடியைப் பற்றிக்கொள்கிறது. 58ஆம் இடத்தில் இருக்கும் மெத்தியோனின் அதில் மையப் பங்கு வகிக்கிறது. அதை மாற்றினால் பிடி விட்டுப்போகிறது. பிடி இருக்கும்வரை, பக்கத்துச் செல்லிலிருந்து இன்டர்ஃபெரான் எச்சரிக்கை வந்தாலும், அந்தச் செய்தியை உட்கருவுக்குள் எடுத்துச் செல்லும் ஸ்டாட்1 என்ற புரதம் வாசலிலேயே தேங்கிவிடுகிறது.

இதில் என்னை மலைக்க வைத்தது வேறொன்று. கால்நடைகளைத் தாக்கும் வெசிக்குலர் ஸ்டோமடைட்டிஸ் வைரஸின் எம் புரதமும், கப்போசி சார்கோமா புற்றுநோயோடு தொடர்புடைய ஹெர்ப்பிஸ் வைரஸின் ஒரு புரதமும் இதே ஆர்ஏஇ1–என்யூபி98 ஜோடியை, இதே போல ஒரு மெத்தியோனினைச் செருகித்தான் பிடிக்கின்றன. இந்த மூன்று வைரஸ்களுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் கிடையாது. ஒன்று டி.என்.ஏ. வைரஸ், மற்ற இரண்டும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள்தான் என்றாலும் முற்றிலும் வேறு குடும்பங்கள். தனித்தனியே பரிணமித்து ஒரே பள்ளத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரு பிணைப்பு தற்செயலா, பயனுள்ளதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

கொரோனா வைரஸின் சொந்த வரலாறும் சாட்சி சொல்கிறது. 2020இன் இறுதியில் பரவிய ஆல்ஃபா வகை, ஓஆர்எஃப்6, ஓஆர்எஃப்9பி, வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பொதிந்து வைக்கும் நியூக்ளியோகேப்சிட் ஆகிய புரதங்களை முந்தைய வகைகளைவிடக் கூடுதலாகத் தயாரித்தது. ஸ்பைக்கில் ஏற்பட்ட மாற்றங்களைப் பற்றியே எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், செல்லின் எச்சரிக்கை மணியை அமுக்கும் புரதங்களின் அளவும் சத்தமில்லாமல் கூடியிருக்கிறது. பிறகு வந்த ஒமிக்ரானின் பிஏ.2 கிளையில் கதை திரும்புகிறது: ஓஆர்எஃப்6இன் கடைசி அமினோ அமிலமான 61ஆவது மாறியிருந்தது, உட்கருத் துளை மீதான அதன் பிடி தளர்ந்திருந்தது. அப்படியிருந்தும் பிஏ.2 உலகெங்கும் பரவியது. முக்கியமான ஆயுதம் என்பது வேறு, இல்லாமல் முடியாத ஆயுதம் என்பது வேறு.

ஓஆர்எஃப்9பி பற்றியும் சொல்லியாக வேண்டும். இதன் மரபணு தனி இடத்தில் இல்லை. நியூக்ளியோகேப்சிட் புரதத்தின் மரபணுவுக்குள்ளேயே, எழுத்துகளை ஓர் இடம் தள்ளிப் படித்தால் கிடைக்கும் இன்னொரு புரதம் இது. எல்லா வைரஸ்களைப் போலவே இந்த வைரஸுக்கும் இடம் குறைவு. ஒரே எழுத்துகளில் இரண்டு செய்திகளை எழுதியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் உள்ள டாம்70 என்ற புரதத்தை இது பிடிக்கிறது. செல் வைரஸைக் கண்டுபிடித்துவிட்டால் அந்த எச்சரிக்கை மைட்டோகாண்ட்ரியா வழியாகத்தான் பெரிதாகிறது. டாம்70க்கு அதில் பங்கு உண்டு. தனியாக இருக்கும்போது ஓஆர்எஃப்9பி தட்டையான மடிப்புகள் கொண்ட ஒரு வடிவத்தில், தன்னைப் போன்ற இன்னொன்றோடு ஜோடி சேர்ந்து இருக்கிறது. டாம்70இன் பள்ளத்தில் உட்காரும்போது அதே பகுதி சுருளாக மாறிவிடுகிறது. ஒரே அமினோ அமில வரிசை, இரண்டு முற்றிலும் வேறான உருவங்கள். புரதத்துக்கு ஒரே வடிவம்தான் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். க்ரோகன் குழுவின் முதல் வரைபடத்தில் இருந்த கோடுதான் இது. சில மாதங்களுக்குள் அவர்களே அதன் கட்டமைப்பையும் வெளியிட்டார்கள். 2003இன் சார்ஸ் வைரஸின் ஓஆர்எஃப்9பியும் டாம்70ஐப் பிடிக்கிறது என்பதையும் சேர்த்தே காட்டினார்கள்.

நியூக்ளியோகேப்சிட் புரதம் பிடிக்கும் ஜி3பிபி1 என்ற மனிதப் புரதத்தின் கதை வேறு மாதிரி. செல் நெருக்கடியில் இருக்கும்போது தூது ஆர்.என்.ஏ.க்களைத் திரட்டி ஒதுக்கி வைக்கும் திரள்களை உருவாக்குவது ஜி3பிபி1. அதைப் பிடிக்க வைரஸ் புரதத்துக்குத் தேவைப்படுவது சில அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சிறு துணுக்கு. இதில் நடுநாயகம் 17ஆம் இடத்து ஃபினைல்அலனின். நம்முடைய சொந்தப் புரதங்களான யுஎஸ்பி10, கேப்ரின்1 ஆகியவையும் இதைப் போன்ற துணுக்குகளை வைத்துத்தான் ஜி3பிபி1ஐ அணுகுகின்றன. இப்படிப்பட்ட குட்டைத் துணுக்குகள் நம் புரதங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒரு முழுப் புரத மடிப்பைப் புதிதாக உருவாக்குவது பரிணாமத்துக்குக் கடினம்; நாலைந்து எழுத்துகளை எட்டுவது வைரஸுக்குச் சில பிறழ்வுகள் தூரம்தான்.

இனி மருந்துகளின் கதை. இங்கேதான் வரைபடத்தை வாசித்த விதம் விலை கேட்டது.

முதல் வரைபடத்தில் சிக்மா1, சிக்மா2 என்ற இரண்டு ஏற்பிகளுக்குக் கோடுகள் இருந்தன. அவற்றில் ஒட்டும் மருந்துகளைச் செல்களில் சோதித்தபோது பல மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுத்தன. வரைபடம் சொன்னது, சோதனை உறுதி செய்தது என்று வழக்கு முடிந்தது போலவே இருந்தது. 2021இல் பிரையன் ஷோய்செட் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அந்த வழக்கை மீண்டும் திறந்தது. ஷோய்செட் முதல் வரைபடத்திலும் பங்கெடுத்தவர் என்பதைக் கவனியுங்கள். சிக்மா ஏற்பியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதற்கும் வைரஸை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கும் மருந்துகளிடையே தொடர்பே தெரியவில்லை. தொடர்பு இருந்தது வேறொன்றோடு. இந்த மருந்துகளில் பலவற்றின் மூலக்கூறில் ஒரு முனை நேர்மின்னூட்டம் பெறக்கூடியது, மறுமுனை கொழுப்பை நாடுவது. அப்படிப்பட்டவை செல்லின் அமிலப் பைகளில் தேங்கி, பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பை அங்கே குவிய வைக்கின்றன. அந்தக் குவியல்தான் வளர்ப்புச் செல்களில் வைரஸின் வேலையைக் கெடுத்தது. எந்த மனிதப் புரதத்தையும் குறிபார்த்துத் தடுத்ததால் அல்ல. விலங்குகளில் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அமியோடரோன், ஹைட்ராக்சிகுளோரோகுயின் உட்படப் பல பிரபல மருந்துகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

தங்கள் கூட்டுழைப்பில் வந்த ஒரு முடிவைத் தாங்களே உரசிப்பார்த்து, காரணம் அது இல்லை என்று எழுதியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. முதல் கட்டுரைக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாவதற்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அதன் நெருங்கிய உறவான குளோரோகுயினும் மலேரியா மருந்துகள். இந்தக் குளோரோகுயின் விவகாரத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. ஆரம்பத்தில் அது வைரஸைத் தடுத்ததாகக் காட்டிய சோதனைகள் வெரோ செல்களில் நடந்தவை. அவை ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. அவற்றில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 போதுமான அளவில் இல்லை. வைரஸ் அமிலப் பை வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும். குளோரோகுயின் அந்தப் பையின் அமிலத்தன்மையைக் குறைத்தது, நுழைவு நின்றது. ஸ்டெஃபான் பூல்மானின் குழு கேலு3 என்ற மனித நுரையீரல் செல்களில் இதைச் சோதித்தது. அங்கே டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இருக்கிறது. வைரஸ் மேற்பரப்பிலேயே நுழைந்துவிடுகிறது. குளோரோகுயினால் ஒன்றும் ஆகவில்லை. 2020 ஜூலையில் இது வெளியானது. அதற்கு முந்தைய மாதமே, பிரிட்டனின் ரெக்கவரி சோதனை மருத்துவமனை நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினால் பலன் இல்லை என்று அறிவித்திருந்தது. இரண்டு செல்களுக்கும் இடையே ஒரு மனிதப் புரதம் இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். அதைத் தெரிந்துகொள்வதற்குள் உலகமே அந்த மாத்திரையின் பின்னால் ஓடி முடித்திருந்தது.

பிஆர்டி2 என்ற புரதத்துக்கு நேர்ந்ததைக் கேட்டால் இந்தத் துறையின் குறும்பு புரியும். மரபணுக்களை இயக்கிவைப்பதில் பங்கு வகிக்கும் புரதம் அது. வைரஸின் உறையில் உள்ள சிறிய இ புரதம் அதைப் பற்றிக்கொள்வதாக முதல் வரைபடம் சொன்னது. வைரஸ் மரபணு இயக்கத்தில் மூக்கை நுழைக்கிறது என்று பல விளக்கங்கள் வந்தன. பிறகு கிரிஸ்பர் முறையில் செல்லின் மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிப் பார்த்தவர்கள், பிஆர்டி2ஐ அடக்கினால் வைரஸ் தொற்றுவதில்லை என்று கண்டார்கள். ஆக, புரதம் முக்கியம்தான். காரணம் என்ன தெரியுமா? பிஆர்டி2 இல்லாவிட்டால் செல்லில் ஏசிஇ2 மரபணு சரியாக இயங்குவதில்லை. ஏற்பியே இல்லாத செல்லுக்குள் வைரஸ் எப்படி நுழையும்? வரைபடம் சுட்டிய ஆள் சரி, வழக்கு வேறு. இ புரதத்தோடு அதற்குள்ள பிணைப்புக்கு இதில் பங்கு இருப்பதாகச் சொல்ல எதுவும் இல்லை.

இதனால்தான் வெவ்வேறு முறைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. தூண்டில் முறை யார் யாரைப் பற்றிக்கொள்கிறார்கள் என்று சொல்லும். வைரஸ் புரதத்தோடு ஒரு நொதியை இணைத்து, உயிருள்ள செல்லிலேயே அக்கம்பக்கத்தில் இருப்பவற்றின் மீதெல்லாம் குறியிடும் முறை ஒன்று உண்டு. அது யார் யாருக்கு அருகில் இருக்கிறார்கள் என்று சொல்லும். கிரிஸ்பர், யார் இல்லாவிட்டால் வைரஸ் தடுமாறுகிறது என்று சொல்லும். இவை தரும் பட்டியல்கள் பெரிதாக ஒத்துப்போவதில்லை. ஒரே முறையைப் பின்பற்றிய இரண்டு ஆய்வகங்களின் பட்டியல்களே அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. செல் வகை, புரதத்தின் அளவு, அடையாளத் துண்டு எந்த முனையில் இருக்கிறது, எத்தனை முறை கழுவினார்கள், எவ்வளவு கண்டிப்பாக வடிகட்டினார்கள் என்று காரணங்கள் பல. பலவீனமான, நொடிநேரப் பிணைப்புகள் கழுவும்போதே போய்விடும். ஆனால் செல்லுக்குள் பல முக்கியமான சந்திப்புகள் நொடிநேரச் சந்திப்புகள்தான்.

நோயாளிகளிடமிருந்து வந்த தடயங்களை நான் இவை எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 2020 செப்டம்பரில் ஜான்-லோரான் காசனோவாவின் குழு, உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போன 987 நோயாளிகளைப் பரிசோதித்தது. அவர்களில் 101 பேரின் இரத்தத்தில், தங்கள் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. தொற்று வருவதற்கு முன்பே சிலருக்கு அவை இருந்திருக்கின்றன. அதாவது, என்எஸ்பி1, ஓஆர்எஃப்6, ஓஆர்எஃப்9பி எல்லாம் சேர்ந்து செய்ய முயலும் வேலையை அந்த உடல்கள் ஏற்கெனவே வைரஸுக்காகச் செய்து வைத்திருந்தன. பிரிட்டனில் 2,244 தீவிர சிகிச்சை நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த கென்னத் பெய்லியின் குழுவும் இன்டர்ஃபெரான் ஏற்பியின் ஒரு பாதியான ஐஎஃப்என்ஏஆர்2 மரபணுவில் வந்து நின்றது. வரைபடத்தின் எந்த மூலையில் தடித்த மை வேண்டும் என்பதை இந்த இரண்டு ஆய்வுகளும் ஆய்வகத்துக்கு வெளியிலிருந்து சொல்லிவிட்டன.

கடைசியில் பெரிய அளவில் வெற்றி கண்ட மாத்திரை, வைரஸைத் தடுக்க மனிதப் புரதம் எதையும் குறிவைக்கவில்லை என்பது ஒரு முரண். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற பாக்ஸ்லோவிட் மருந்தில் உள்ள நிர்மாட்ரெல்விர், வைரஸின் சொந்த நொதியான என்எஸ்பி5ஐ முடக்குகிறது. வைரஸ் தன் புரதங்களில் பலவற்றை ஒரே நீண்ட சங்கிலியாகத் தயாரிக்கிறது. அதை 11 இடங்களில் நறுக்குவது என்எஸ்பி5. குளுட்டமின் என்ற அமினோ அமிலத்துக்கு அடுத்து வெட்டும் அதன் பாணி நம் நொதிகளிடம் இல்லாததால், அதைத் தாக்கும் மருந்து நம்மைத் தொடாமல் போகிறது.

அப்படியானால் மனிதப் புரதங்களைக் குறிவைப்பது வீண்வேலையா? அதற்குச் சொல்லப்படும் வாதம் வலுவானது: வைரஸின் புரதம் பிறழ்வு அடைந்து மருந்திடமிருந்து நழுவும், நம் புரதம் அப்படி மாறாது, ஆகவே வைரஸால் தப்ப முடியாது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இதற்கு நல்ல வேட்பாளர். அந்த மரபணு இல்லாத எலிகள் ஆரோக்கியமாகவே வாழ்கின்றன. அதைத் தடுக்கும் கேமோஸ்டாட் என்ற மருந்து ஜப்பானில் கணைய அழற்சிக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. நுரையீரல் செல்களில் வைரஸை அது தடுத்தது. மருத்துவமனை நோயாளிகளிடம் டென்மார்க் தலைமையில் நடந்த சோதனையில் பலன் தெரியவில்லை. அந்த நோயாளிகள் வந்து சேர்ந்தபோது வைரஸ் தன் வேலையைப் பெருமளவு முடித்திருக்கலாம்; மருந்தும் நுரையீரலில் போதிய அளவு சேராமல் இருந்திருக்கலாம்.

அது போகட்டும். 2021இன் இறுதியில் ஒமிக்ரான் வந்தது. அதன் ஸ்பைக் முந்தைய வகைகளைவிட டிஎம்பிஆர்எஸ்எஸ்2ஐக் குறைவாகவே நம்பியிருந்தது. அமிலப் பை வழியைக் கூடுதலாகப் பயன்படுத்தியது. நுரையீரல் செல்களைவிட மேல் மூச்சுப்பாதையின் செல்களில் அது செழித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. நம் புரதத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியும் வைரஸ் அந்தப் புரதத்தின் தேவையைக் குறைத்துக்கொண்டது. முதல் வரைபடத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. 2020 ஜனவரியில் கிடைத்த ஒரே ஒரு வரிசையை வைத்து வரையப்பட்டது அது. இனி யாராவது இப்படியொரு வரைபடத்தைக் காட்டினால், கோடுகளை எண்ணுவதற்கு முன், எந்த செல்லில், வைரஸின் எந்த வகையை வைத்து எடுத்தது என்ற சிறிய எழுத்துகளைத்தான் முதலில் தேடுகிறேன். பல கட்டுரைகளில் அது துணைக்கோப்பின் உள்ளே எங்கோ கிடக்கிறது.